ராமும் எஸ்எஸ்டியும் மாற்ற: சர்வீஸ் சென்டரா, ரிச்சி தெருவா, நம்ம கையா?

லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவேன். திரும்பி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். 4 ஜிபி ராம், மெதுவாகச் சுற்றும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், வேறென்ன நடக்கும்? ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போடுவதென்று முடிவெடுத்தேன். வாரண்டியோ இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. மூன்று வழி விசாரித்து, கடைசியில் நானே கழற்றினேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் வாரண்டி பயம் இல்லை. ஆனால் கம்பெனி ராம்தான் போடுவார்களாம்; சொன்ன விலை வெளியில் இருப்பதைப்போல் இரு மடங்கு. டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்தும் வேண்டுமாம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அரை மணி வேலை, பேரம் பேசலாம். விலையில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னார்: "பழசை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க? எக்ஸ்சேஞ்சுல கழிச்சுக்கலாம்." அங்கேதான் நின்றேன்.

பழசு நம்மிடமே இருக்க வேண்டும். கம்பெனி வாரண்டி பெட்டியோடு வந்த பாகங்களுக்கு. புது ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் அவற்றைத் தயாரித்தவர் தரும் வாரண்டி தனி. நாளை மதர்போர்டு போனால் "வெளி ராம் போட்டதால்தான்" என்று கை காட்ட இடம் கொடுக்கக் கூடாது. பழையதை மாட்டிக் கொடுத்தால் அந்தப் பேச்சே எழாது. நம் ஃபைல்களும் எஸ்எஸ்டியோடு வீட்டிலேயே இருக்கும். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்கு இதை விடலாமா?

கழற்றுமுன் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். "ராம், டிஸ்க் மாற்றலாம், மாற்றும்போது ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது" என்று பதில் வந்தது. அதை பிரின்ட் எடுத்து பில்லோடு பின் செய்தேன். போனில் சொல்வதை நம்பிக் கழற்றாதீர்கள்.

வேலை சுலபம்தான். ஸ்குரூக்களைக் கழற்றிவிட்டு, பின்மூடியின் விளிம்பில் பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து நகர்த்தினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். முதல் சத்தத்தில் எதையோ உடைத்துவிட்டோம் என்று வியர்த்தது. மூடி திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். ராமைச் சாய்வாகச் செருகி அமுக்கினால் இருபக்கக் கொக்கியும் பிடித்துக்கொள்ளும். ராமில் தலைமுறைகள் உண்டு: டிடிஆர்4 ஸ்லாட்டில் அதற்கு முந்தைய டிடிஆர்3 நுழையவே நுழையாது, வெட்டு இருக்கும் இடம் வேறு. விண்டோஸ் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டுண்டது, டிஸ்க் மாற்றினால் போகாது.

எல்லாம் ஒரே ஒரு லேப்டாப்பில் கண்டதுதான். ராமை மதர்போர்டோடு சால்டர் செய்து பற்றவைத்த மாடல் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். ஸ்குரூ மேல் சீல் ஒட்டியிருந்தால் நானும் சர்வீஸ் சென்டருக்கே போயிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து கீபோர்டு போனது. பழையவற்றை மாட்டிக் கொடுத்தேன். ஒரு கேள்வியும் இல்லாமல் இலவசமாக மாற்றித் தந்தார்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கும் ராமும் இப்போது மறுபடி பீரோவில், புது ராம் வந்த கவருக்குள். மேலே வாரண்டி முடியும் தேதி எழுதியிருக்கிறேன்.