கிளிப்பா, புது வால்வா? இதயத்தின் வலப்பக்கக் கசிவுக்கு எது?

வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மூவிதழ் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்னோக்கிப் போகும். கால் வீங்கும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலானோருக்கு இதழ்களில் பழுதே இருக்காது. அறை விரிந்து வால்வின் வளையமும் அகன்றுவிட, இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் போகின்றன.

நீர் மாத்திரை வீக்கத்தை வடிக்கும், கசிவை நிறுத்தாது. அறுவை சிகிச்சை? இடப்பக்க வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால், கையோடு இங்கேயும் ஒரு வளையம் வைத்துத் தைப்பது நல்லது. இதற்காக மட்டும் திறப்பது வேறு கதை. கல்லீரலும் சிறுநீரகமும் கெட்ட பிறகே பலர் வருவதால், நூற்றுக்கு 8 முதல் 10 பேர் மருத்துவமனையிலேயே இறந்திருக்கிறார்கள்.

அதனால் இப்போது நிஜப் போட்டி, தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயில் செய்யும் இரண்டுக்குள்தான். இரண்டுக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது 2024இல்.

டிரைகிளிப், இதழ்களை இழுத்துப் பிடித்துக் கவ்வும். 350 பேரிடம் நடந்த ஆய்வில், கிளிப் போட்டவர்களில் 87 சதவீதத்தினருக்கு ஒரு மாதத்தில் கசிவு மிதமாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. ஆனால் ஓராண்டில் இறப்பு குறையவில்லை. அன்றாட நலம்தான் கூடியது. சிகிச்சை கிடைத்தது அவர்களுக்கே தெரியும் என்பதால், அந்த நலக்கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நான் படிக்கிறேன்.

எவோக், மாட்டின் இதய உறையில் செய்த முழு வால்வு. கசிவு ஏறக்குறைய நின்றேவிடும். விலையும் உண்டு: 400 பேர் ஆய்வில், ஓராண்டுக்குள் கடும் ரத்தப்போக்கு 15 சதவீதத்தினருக்கு, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 5. புதிதாக பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் 17 சதவீதம், மறுபக்கம் 2. இதயத்தின் மின்பாதை அந்த வால்வை ஒட்டியே ஓடுவதால் வரும் வினை.

என் கணக்கு இது. இதழ்களுக்கு நடுவே இடைவெளி சின்னது, எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதழ்கள் தெளிவாகத் தெரிகின்றன என்றால் கிளிப். இடைவெளி பெரிது, கவ்வ எதுவும் எட்டாது, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தாங்கும் உடம்பு என்றால் வால்வு. ஏற்கெனவே பேஸ்மேக்கர் இருப்பவருக்கு அந்த 17 சதவீதம் அவ்வளவாகப் பயமுறுத்தாது. ஆனால் அந்த வால்வு வழியாகப் போகும் பேஸ்மேக்கர் கம்பி புது வால்வுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்குமா என்று பார்க்க வேண்டும். கிளிப் போட்டவருக்குப் பின்னால் வால்வு வைப்பது கடினம் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.