ஒரே கோடு வந்தால் போதுமா? டயாலிசிஸ் யூனிட்டில் ஹெபடைடிஸ் சி-யைப் பிடிக்கும் டெஸ்டுகள்

வேறு ஊரிலிருந்து எங்கள் யூனிட்டுக்கு மாறி வந்தவர் அவர். ஃபைலில் மூன்று மாத எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்) அளவுகள் இருந்தன: 13, 15, 38. லேப் போட்டிருந்த நார்மல் எல்லை 40. அதனால் எந்த எண்ணுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான (ஹெச்.சி.வி.) உடனடி டெஸ்ட் கார்டிலும் ஒரே கோடுதான், அதாவது நெகட்டிவ். டாக்டர் அந்த 38-ஐ மட்டும் பேனாவால் சுழித்துவிட்டு, "இவருக்கு பி.சி.ஆர். அனுப்பிடுங்க" என்றார். வைரஸையே நேரடியாகத் தேடும் டெஸ்ட் அது. வைரஸ் இருந்தது.

கார்டு பொய் சொல்லவில்லை. அது வைரஸைத் தேடுவதே இல்லை. வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. லேபில் செய்யும் எலிசா டெஸ்டும் அதையேதான் பார்க்கிறது, கொஞ்சம் கூர்மையாக. வைரஸ் உள்ளே நுழைந்து ஆன்டிபாடி தெரிய சாதாரண ஆளுக்கே ஏறத்தாழ 8 முதல் 11 வாரம் ஆகும். கிட்னி செயலிழந்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தி மந்தம். அதனால் இன்னும் தாமதமாகலாம், சிலருக்கு வராமலே போகலாம். வாரம் 3 டயாலிசிஸ் என்றால், அந்த இடைவெளிக்குள் ஒருவர் 24 தடவையாவது நம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பார்.

எஸ்.ஜி.பி.டி. எல்லோரும் கண்டுகொள்ளாத டெஸ்ட். மாதாமாதம் எடுக்கிறோம், ஃபைலில் போடுகிறோம், அவ்வளவுதான். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த அளவு இயல்பாகவே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும். வைட்டமின் பி6 பற்றாக்குறை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே லேப் போடும் 40 இவர்களுக்குப் பொருந்தாத அளவுகோல். ஒருவருடைய இந்த மாத எண்ணை அவருடைய போன மாத எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். மாத்திரையாலும் ஏறலாம் என்பதால் இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் பி.சி.ஆருக்கு யாரை அனுப்புவது என்று காட்டிக்கொடுக்க, கையிலேயே இருக்கும் மலிவான வழி இதுதான். தொற்று வந்தும் எஸ்.ஜி.பி.டி. ஏறாதவர்கள் உண்டு என்பது இதன் ஓட்டை.

பி.சி.ஆர். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ-வையே தேடுகிறது. தொற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் பிடித்துவிடும். வெளியே எடுத்தால் ஆயிரக்கணக்கில் செலவு. மத்திய அரசு 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டத்தில் டெஸ்டும் மருந்தும் இலவசம். இதில் கெடுவது பெரும்பாலும் டெஸ்ட் இல்லை, சாம்பிள். டயாலிசிஸ் முடிந்து லைன் கழற்றும்போது "சரி, ரத்தம் இருக்கே" என்று எடுப்பது பழக்கம். அந்த ரத்தத்தில், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் மருந்து கலந்திருக்கும், அது பி.சி.ஆர். வினையையே தடுக்கும். போதாக்குறைக்கு, டயாலிசிஸ் செய்ததும் ரத்தத்தில் வைரஸ் அளவு தற்காலிகமாகக் குறையும். ஊசி குத்தியதும், ஹெபாரின் போகும் முன்பே, ஊதா மூடி டியூபில் எடுக்க வேண்டும்.

ஆன்டிபாடி டெஸ்டுக்கும் பி.சி.ஆருக்கும் நடுவில், வைரஸின் உள்புரதத்தைத் தேடும் கோர் ஆன்டிஜென் டெஸ்ட். பி.சி.ஆருக்குச் சில நாள் பின்னால் வந்தாலும் ஆன்டிபாடியை வெகுவாக முந்திவிடும். வைரஸ் அளவு மிகக் குறைவாக இருந்தால் கோட்டைவிடும். நல்ல டெஸ்ட்தான், நம் பக்கம் சுலபமாகக் கிடைத்தால்.

இதற்கும் அப்பால் ஒரு 'மறைந்த தொற்று' உண்டு. ஆன்டிபாடியும் இல்லை, சீரம் பி.சி.ஆரும் நெகட்டிவ், ஆனால் ஈரல் செல்லிலோ ரத்த வெள்ளையணுவிலோ ஆர்.என்.ஏ. தென்படும். 2004-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் முதலில் சொன்னது. 2008-இல் அங்கேயே, ஈரல் என்சைம் ஏறியிருந்த 109 டயாலிசிஸ் நோயாளிகளில் 45 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக வந்ததும் பலரும் அரண்டுபோனார்கள். பிறகு 2014-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 417 பேரைப் பார்த்தால் ஒரே ஒருவர். 2008 ஆய்வு என்சைம் ஏறியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வெள்ளையணுவைப் பிரித்துச் சோதிக்கும் வேலையை இப்போதைக்கு ஆராய்ச்சிக் கூடங்களுக்கே விட்டுவிடலாம். கார்டையே ஒழுங்காகப் போடாத யூனிட்டுக்கு இது ஆடம்பரம்.

என் கையில் பட்ஜெட் இருந்தால்: புதிதாகச் சேருகிறவர், வேறு யூனிட்டிலிருந்து வருகிறவர் இருவருக்கும் முதல் நாளே பி.சி.ஆர். அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறை எலிசா, மாதாமாதம் எஸ்.ஜி.பி.டி. திடீரென ஏறினால் மறுபடி பி.சி.ஆர். சர்வதேச கிட்னி வழிகாட்டியான கே.டி.ஐ.ஜி.ஓ-வும் சேரும்போது ஒரு டெஸ்ட், பிறகு 6 மாதத்துக்கு ஒன்று என்கிறது, பி.சி.ஆரை நேரடியாகவே போடலாம், எலிசா பாசிட்டிவ் ஆனவருக்கு மட்டும் போட்டாலும் சரி என்று விட்டுவிடுகிறது. அந்த இரண்டாவது வழியில் போயிருந்தால் நம் 38-காரரின் தொற்று பிடிபடாமல் போயிருக்கும். 'சி'-க்குத் தனி மெஷின் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கும் யூனிட்டுகளும் யோசிக்க வேண்டும்: கார்டை நம்பிப் பிரித்தால், புதிதாகத் தொற்றியவர் நெகட்டிவ் பக்கத்தில்தான் இருப்பார். கையுறை மாற்றுவதும், ஹெபாரின் குப்பியை ஆளுக்கு ஆள் பகிராததும்தான் அங்கே காப்பு.

அவர் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த பி.சி.ஆர். நெகட்டிவ். இதற்கிடையில் ஆன்டிபாடி வந்துவிட்டதால் இப்போது கார்டில் இரண்டு கோடு விழுகிறது, வருடக்கணக்கில் விழும். மறுபடி தொற்றினாலும் அதே இரண்டு கோடுதான். அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு பி.சி.ஆர். மட்டுமே அனுப்புகிறோம். விசேஷத்துக்கு வெளியூர் போகும்போது அந்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்துவிடுகிறோம்.