ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பின்: ஸ்குவாட்டா, லெக் எக்ஸ்டென்ஷனா?

ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள் இருக்கும் ஒரு ஜவ்வு; அது கிழிந்தால் அறுவை சிகிச்சையில் புது ஜவ்வு பொருத்துவார்கள். ஸ்குவாட்டில், அதாவது நின்றபடி முட்டியை மடக்கி எழும் பயிற்சியில், பாதம் தரையில் ஊன்றியிருக்கும். முன்தொடையோடு பின்தொடைத் தசையும் சேர்ந்து இறுகுவதால் புது ஜவ்வில் இழுவை குறைவு. சுவரில் முதுகைச் சாய்த்து 45 டிகிரி வரை மட்டும் மடக்கி, 10 முறை வீதம் 3 சுற்று செய்தால் தொடக்கத்துக்குப் போதும். சிக்கல் வேறிடத்தில்: நமக்கே தெரியாமல் உடம்பு எடையை நல்ல காலுக்கு மாற்றிவிடும். கண்ணாடி முன் நின்று, இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்குகிறதா, முட்டி உள்பக்கம் சரிகிறதா என்று பாருங்கள்.

லெக் எக்ஸ்டென்ஷனில், அதாவது உட்கார்ந்தபடி காலை முன்னால் நீட்டும் பயிற்சியில், அந்த ஏமாற்று நடக்காது. சூம்பிப்போன முன்தொடை தனியாகவே உழைத்தாக வேண்டும். ஆனால் காலை நீட்டும் கடைசி 30 டிகிரியில் அந்தத் தசை முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை முன்னால் இழுக்கும். அதை ஜவ்வுதான் தாங்க வேண்டும். அதனால் 4 வாரத்துக்கு முன் வேண்டாம். பிறகும் முதலில் முட்டி 90 முதல் 45 டிகிரி வரை மடங்கியிருக்கும் எல்லைக்குள் மட்டும். புது ஜவ்வாகப் பின்தொடைத் தசைநாரை எடுத்துப் பொருத்தியிருந்தால் முதல் 12 வாரம் கூடுதல் எடை கூடாது.

ஸ்குவாட்டில் தொடங்கி, அறுவை செய்த மருத்துவரின் ஒப்புதலோடு லெக் எக்ஸ்டென்ஷனையும் சேர்ப்பதே எங்கள் தேர்வு. ஸ்குவாட்டோடு நிறுத்தினால் பல மாதம் கழித்தும் முன்தொடை மெலிந்தே நிற்கலாம். மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தால் எடையைக் குறையுங்கள்.