நிமிபல்வேலு: பின்லாந்துப் பெயர்களைத் தேட ஓர் இலவசச் சேவை

பின்லாந்துப் பெயர் எதைப் பற்றியாவது தெரிய வேண்டுமென்றால், காசு வாங்கிக்கொண்டு பெயருக்கு அர்த்தம் சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். நேராக நிமிபல்வேலுவுக்குப் (Nimipalvelu) போங்கள். மக்கள்தொகைப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசு முகமையே நடத்துவது, இலவசம், ஆங்கிலத்திலும் உண்டு. பெயரைத் தட்டினால், எந்தக் காலகட்டத்தில் பிறந்த எத்தனை ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந்தப் பெயர் இருக்கிறது என்று ஒரு அட்டவணை வரும், அவ்வளவுதான், அலங்காரம் எதுவும் கிடையாது. வைனோ (Väinö) மாதிரிப் பெயர்களை மட்டும், எழுத்துக்கு மேலே வரும் இரட்டைப் புள்ளியை விடாமல் அடியுங்கள், பின்னிஷில் அவை தனி எழுத்துகள்.

நான் போட்டுப் பார்த்தது ஐனோ (Aino) என்ற பெண் பெயர். 1900களின் தொடக்கத்தில் கூட்டம் கூட்டமாக ஐனோக்கள், நூற்றாண்டின் நடுவில் சட்டென்று வற்றிவிடுகிறது, 2000க்கு அப்புறம் மறுபடி வெள்ளம். கொள்ளுப்பாட்டிக்கும் கொள்ளுப்பேத்திக்கும் இருக்கும் பெயர் நடுவிலுள்ள அம்மாக்களிடம் அரிது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அட்டவணை சொல்லாது, அதற்கு எலியாஸ் லோன்ரோட்டிடம்தான் போக வேண்டும். அவர் சேகரித்த நாட்டுப்பாடல்களில், நீராவிக் குளியலில் உடம்பில் தட்டிக்கொள்ளும் தழையை ஒடிக்கத் தோப்புக்குப் போகும் பெண்ணின் பெயர் அன்னி. 'ஐனோ' அங்கே வெறும் அடைமொழி, 'ஒரே' என்று பொருள், வீட்டுக்கு ஒரே பெண் என்கிறோமே அந்த 'ஒரே'. லோன்ரோட் அதையே பெயராக்கி, பின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலாவின் 1849 பதிப்பில் வைத்தார். அதில் ஐனோவின் அண்ணன் யோகஹைனன், பாட்டுப் போட்டியில் தோற்றுத் தன் உயிர் தப்பத் தங்கையைக் கிழவன் வைனமோய்னனுக்குப் பேசிவிடுகிறான், அவளோ மணக்க மாட்டேன் என்று நீரில் மூழ்கிப்போகிறாள். (இத்தனை சோகமான பெயரைக் குழந்தைக்கு வைக்க எப்படி மனசு வந்ததோ.) ஆனால் வைத்தார்கள், படித்த குடும்பங்கள் ஸ்வீடிஷ் பெயர்களை விட்டுப் பின்னிஷுக்கு மாறிய காலம் அது. இசையமைப்பாளர் சிபேலியுஸின் மனைவி ஐனோ 1871இல் பிறந்தவர், பாடகி ஐனோ அக்தே 1876. ஓவியர் கல்லேன்-கல்லேலா 1891இல் வரைந்த மூன்று பலகை ஐனோ ஓவியம் ஹெல்சிங்கியின் அதெனேயும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நடுப்பலகையில் அவள் கிழவனின் படகிலிருந்து நழுவித் தப்புகிறாள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஐனோ ஒரு பழங்காலத் தேவதை' என்று எழுதியிருந்தது ஒரு கட்டணத் தளம். அர்த்தமே சொல்லாத அரசுச் சேவை அதைவிட எவ்வளவோ மேல், பொய்யாவது சொல்வதில்லை.

ஐனோவோடு நிறுத்தாமல் குடும்பப் பெயர்த் தேடலில் கோர்ஹோனன், விர்தனன் இரண்டையும் போட்டுப் பாருங்கள். நாட்டில் முதலிடத்துக்கு மாறி மாறி முட்டிக்கொள்ளும் பெயர்கள் அவை.