கியோட்டோ மடக்கு விசிறி: முதலில் மூடிப் பாருங்கள்

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் கையால் வரைந்த விசிறி வாங்கப் போகிறவர்கள் ஓவியத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்களைக் கேட்டால், முதலில் மூடிப் பாருங்கள் என்போம். நல்ல விசிறி 'பட்' என்று மூடிக்கொள்ளும், நுனியில் காகிதம் பிதுங்காது. ஓரத்துப் பட்டைகள் இரண்டையும் சூடுகாட்டி உள்பக்கமாக வளைத்திருப்பதால் வரும் பிடி அது. அது இல்லாவிட்டால் தங்க ரேக்கு ஒட்டிய விசிறிகூடச் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

ஓவியத்தைத் தட்டையான காகிதத்தில் வரைந்த பிறகுதான் மடிக்கிறார்கள். காகிதம் ஒன்றல்ல, மெல்லிய நடுத்தாளின் இருபுறமும் தாள் ஒட்டியது. மடித்தபின் நடுத்தாளைப் பிளந்து, வாயால் ஊதி வழி திறந்து, பசை தடவிய மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். ஒரு குச்சி கோணலாகப் போனாலும் மூடும்போது அந்த மடிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கடையிலேயே பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது வண்ணம். சிப்பித் தூளில் செய்த வெள்ளையை விலங்குப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். கனமாகப் பூசினால் மடிப்பின் முகட்டில் வெடித்து உதிரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து முகடுகளைப் பாருங்கள். உருப்பெருக்கியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. கைவேலை விலை கொடுக்காதீர்கள்.

ஆண்களுக்கான கோடை விசிறி சுமார் 22.5 செ.மீ. நீளம், பெண்களுக்கானது சுமார் 20 செ.மீ. நடன விசிறி 29 செ.மீ. அளவில், பத்தே குச்சிகளோடு இருக்கும். சுழற்ற வசதியாக ஓரப்பட்டையின் அடியில் ஈயம் வைத்திருப்பார்கள். அழகுக்கு அதுதான் எங்கள் முதல் தேர்வு, ஆனால் காற்றுக்காக வாங்கினால் மணிக்கட்டு வலிக்கும். தேநீர்ச் சடங்கின் சிறு விசிறி வணங்கும்போது முழங்காலுக்கு முன் வைப்பதற்கு, வீசுவதற்கு அல்ல.

மணிக்கட்டை உதறித் திறக்காதீர்கள். அச்சாணி தளர்வதும் மடிப்பு கிழிவதும் அதனால்தான். கட்டைவிரலால் முதல் பட்டையை மெல்லத் தள்ளி, கடைசி இரண்டு மூன்று மடிப்பை விரிக்காமல் விட்டுவிடுங்கள். வியர்வைக் கையால் காகிதத்தைத் தொடவேண்டாம், வாசனைத் திரவியத்தை நேராகத் தெளிக்கவும் வேண்டாம்.

தாங்கியில் விரித்தே மாதக்கணக்கில் வைத்தால் மடிப்பின் நினைவு போய்விடும். அவ்வப்போது மூடி, வாங்கும்போது வந்த காகித வளையத்தை மாட்டி வையுங்கள். அந்த வளையத்தைக் குப்பையில் போட்டுவிட்டால், அரை அங்குலக் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டாலும் போதும்.