பவுல் சொன்ன 'கிரியைகள்' எவை?

"நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே" யாரும் நீதிமானாவதில்லை என்று கலாத்தியா நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார் அப்போஸ்தலன் பவுல் (கலாத்தியர் 2:16). நியாயப்பிரமாணம் என்றால் மோசேயின் சட்டம், எபிரேயத்தில் தோரா. அதன் எந்தக் கிரியைகள், எந்தச் செயல்கள்? இதற்கு மூன்று பதில்கள் உண்டு.

சீர்திருத்தவாதி லூத்தரின் பதில் நமக்குப் பழகியது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் லூத்தரன்தானே! நல்லது செய்து கடவுளிடம் கணக்கை நேர்செய்யப் பார்க்கிறான் மனிதன், அது பலிக்காது என்பார்கள். ஆனால் அன்றைய யூதர்கள் அப்படிக் கணக்குப் பார்த்தார்களா? தவறினால் மன்னிப்புக்கு, தோராவிலேயே உள்ள லேவியராகமம் 16ஆம் அதிகாரமே வழி சொல்கிறது. தேர்ந்தெடுப்பது கடவுளின் கருணை, கட்டளை அதற்கு அப்புறம்தான் என்பதை யூத நூல்களிலிருந்தே 1977இல் விவிலிய ஆய்வாளர் ஈ. பி. சாண்டர்ஸ் விரிவாகக் காட்டினார். பவுலும் நியாயப்பிரமாண விஷயத்தில் தன்னைக் குற்றமற்றவன் என்றே சொல்கிறார் (பிலிப்பியர் 3:6). குற்ற உணர்வில் புழுங்கியது 16ஆம் நூற்றாண்டுத் துறவியான லூத்தர்தான்.

சாண்டர்ஸுக்குப் பின் ஆய்வாளர் ஜேம்ஸ் டன் வேறு பதில் சொன்னார்: கிரியைகள் என்றால் முக்கியமாக விருத்தசேதனம் (முன்தோல் நீக்கும் சடங்கு), உணவு விதி, ஓய்வுநாள், யூதரையும் மற்றவரையும் பிரிக்கும் வேலிகள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு பந்தியில் இருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிய சண்டைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

சாக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் கிடைத்து 1994இல் முறையாகப் பதிப்பிக்கப்பட்ட ஒரு பழைய யூதக் கடிதம் டன்னுக்குக் கைகொடுத்தது. "தோராவின் கிரியைகளில் சில" என்ற சொற்றொடர் அதில் எபிரேயத்தில் அப்படியே இருக்கிறது. அந்தச் சில எவை என்று பார்த்தால் சுவாரசியம்: சுத்தமான பாத்திரத்திலிருந்து அசுத்தமானதில் ஊற்றும்போது நீர்த்தாரை வழியே தீட்டு ஏறுமா, எருசலேமுக்குள் நாயை விடலாமா... எல்லாம் நுணுக்கமான வழக்குகள். இப்படி நடந்தால் அது உனக்கு நீதியாக எண்ணப்படும் என்று முடிகிறது. ஆபிரகாமின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எடுத்தாளும் அதே சொல்! ஒன்று உதைக்கிறது: இந்தக் கடிதத்தின் வேலி யூதருக்கும் யூதருக்கும் நடுவில் நிற்கிறது.

மூன்றாவது பதில் பவுலை யூத மதத்துக்குள்ளேயே வைக்கிறது. மார்க் நானோஸ், பவுலா ஃப்ரெட்ரிக்சன் போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பக்கம். பவுல் எழுதியது புறஜாதியாருக்கு. நீங்கள் யூதராக மாற வேண்டாம் என்கிறாரே தவிர, யூதர் தோராவை விடவேண்டும் என்று அல்ல. விருத்தசேதனத்தோடு அழைக்கப்பட்டவன் அதை மறைக்கவேண்டாம் என்கிறாரே (1 கொரிந்தியர் 7:18)!

என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஆனால் கலாத்தியர் 2:15 இடிக்கிறது. "சுபாவத்தின்படி யூதராயிருக்கிற நாமும்" விசுவாசித்தோம் என்கிறார் பவுல்; அப்படியானால் பேச்சு புறஜாதியாருக்கு மட்டும் அல்ல. அந்த 'நாமும்' வரும் இடத்தில் டன் பக்கத்தைத் திரும்பப் புரட்டத்தான் வேண்டியிருக்கிறது.