சிஜிஐ, ஃபாஸ்ட்சிஜிஐ: பல வருடம் பயன்படுத்திய பிறகு

வெப் சர்வர் ஒரு புரோகிராமை ஓட்டிப் பக்கத்தை உருவாக்க வைக்கும் முறை சிஜிஐ, அதன் வேகமான வாரிசு ஃபாஸ்ட்சிஜிஐ. சிஜிஐயை முதலில் அப்பாச்சி என்ற வெப் சர்வரில் பெர்ல் ஸ்கிரிப்ட்களோடு பயன்படுத்தினேன், அப்புறம் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வருக்குப் பின்னால் பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி ஸ்கிரிப்ட்களை ஓட்டும் புரோகிராம்) வைத்து ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக. இன்றும் இரண்டும் என் சர்வர்களில் ஓடுகின்றன. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு புது பிராசஸைக் கிளப்புவதால் கூட்டம் வரும் தளத்துக்குப் பழைய சிஜிஐ தாங்காது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்த ரிக்வெஸ்டைப் பற்றிய விவரங்களைப் புரோகிராமின் கையில் கொடுக்க 1993இல் என்சிஎஸ்ஏ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் வெப் சர்வரை ஒட்டி உருவான அந்த ஏற்பாட்டைவிடத் தெளிவான ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

முழு விஷயமும் இவ்வளவுதான். ரிக்வெஸ்ட்_மெத்தட், குவெரி_ஸ்ட்ரிங், பாத்_இன்ஃபோ, ரிமோட்_ஏடிடிஆர் மாதிரியான பெயர்களில் என்விரான்மென்ட் வேரியபிள்களை (புரோகிராமுக்குக் கொடுக்கப்படும் பெயர்-மதிப்பு ஜோடிகளை) நிரப்பிவிட்டு சர்வர் உங்கள் புரோகிராமை ஓட்டும். ரிக்வெஸ்ட் போஸ்ட் வகை, அதாவது படிவத்தை அனுப்புவது என்றால் அதன் உள்ளடக்கம் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வரும், எத்தனை பைட் படிக்க வேண்டும் என்பது கன்டென்ட்_லெங்த்தில் இருக்கும். நீங்கள் ஹெடரை (பக்கத்தைப் பற்றிய குறிப்பு வரிகளை) எழுதி, ஒரு காலி வரி விட்டு, பக்கத்தை அச்சடித்தால் போதும். எந்த மொழியிலும் எழுதலாம், லைப்ரரியே வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சர்வரே இல்லாமல் சோதிக்க முடிவது. டெர்மினலில் ரிக்வெஸ்ட்_மெத்தடுக்கு கெட், குவெரி_ஸ்ட்ரிங்குக்கு ஏதோ ஒரு தேடல் சொல் என்று இரண்டு வேரியபிளைக் கொடுத்து அதே வரியில் ஸ்கிரிப்டை ஓட்டினால் பக்கத்தின் எச்டிஎம்எல் அப்படியே திரையில் வந்து விழும். கோளாறு ஸ்கிரிப்டிலா, சர்வர் அமைப்பிலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபாஸ்ட்சிஜிஐயில் புரோகிராம் சாகாமல் காத்திருக்கும், அதே பெயர்-மதிப்பு ஜோடிகள் சாக்கெட் வழியாக பைனரி ரெக்கார்டுகளாகப் போகும், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 8 பைட் தலைப்பு. வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் கண்ணால் பார்க்கும் வசதி போய்விடுகிறது. அதற்கு சிஜிஐ-எஃப்சிஜிஐ என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. டெர்மினலில் கொடுக்கும் வேரியபிள்களை அது எஃப்பிஎம்மிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும், நான் எந்த சர்வரிலும் இதை நிறுவாமல் விடுவதில்லை.

எஃப்பிஎம்மில் அடிக்கடி கண்ட தொல்லை ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் என்ற வேரியபிள். உலாவியில் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்ற ஒற்றை வரி, லாகில் 'பிரைமரி ஸ்கிரிப்ட் அன்நோன்' என்று வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கோப்பை ஓட்டுவது என்று என்ஜின்எக்ஸ் சொல்லவில்லை, அல்லது எஃப்பிஎம் இருக்கும் கன்டெய்னரில் இல்லாத ஒரு பாதையைச் சொல்லியிருக்கிறது. என்ஜின்எக்ஸோடு வரும் ஃபாஸ்ட்சிஜிஐ_பாராம்ஸ் கோப்பில் ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் வரி கிடையாது, ஃபாஸ்ட்சிஜிஐ.கான்ஃபில் உண்டு. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கோப்புகள், இத்தனை பேரை அலைக்கழிக்க அதுவே போதுமானதாக இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. உலாவி அனுப்பும் ஹெடர்களில் பெரும்பாலானவை எச்டிடிபி_ என்ற முன்னொட்டோடு அதே வேரியபிள் கூட்டத்துக்குள் வந்து சேர்கின்றன. சர்வர் சொன்னதையும், முகம் தெரியாத எவரோ அனுப்பியதையும் பிரித்துக்காட்ட அந்த முன்னொட்டு மட்டும்தான். 2014இல் ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது, யூசர்-ஏஜென்ட்டில் (உலாவி தன் பெயரைச் சொல்லும் ஹெடர்) ஒளித்து அனுப்பிய கட்டளையை பாஷ் என்ற ஷெல் ஓட்டியது இந்த வழியாகத்தான். 2016இல் வந்த ஓட்டை எச்டிடிபாக்ஸி: பிராக்ஸி என்று ஒரு ஹெடரை அனுப்பினால் அது எச்டிடிபி_பிராக்ஸி ஆகிவிடும், வெளியே இணைப்பு எடுக்கும் பல லைப்ரரிகள் எந்த இடைச் சர்வர் வழியாகப் போவது என்று அறிய அதே பெயரைத்தான் நம்பியிருந்தன. அதை வெறுமையாக்கும் ஒரு வரி என் எல்லா அமைப்பிலும் இன்றும் இருக்கிறது, உங்களுடையதிலும் இருக்கட்டும்.

ஹைஃபனும் அடிக்கோடும் வேரியபிளில் ஒன்றாகிவிடுவதால், அடிக்கோடு உள்ள ஹெடர்களை என்ஜின்எக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் உதறிவிடும். 'ஏபிஐ டோக்கன் வரவே இல்லை' என்று யாராவது வந்தால் ஹெடரின் பெயரைத்தான் முதலில் கேட்பேன். அப்பாச்சியாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: ஆதரைசேஷன் ஹெடரை அது சிஜிஐ ஸ்கிரிப்டுக்குத் தானாகக் கொடுக்காது, 2.4.13 முதல் சிஜிஐபாஸ்ஆத் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை ஆன் செய்ய வேண்டும்.

பைத்தான் 3.13இல் சிஜிஐ மாட்யூலை எடுத்துவிட்டார்கள், 2024இல். சிஜிஐயே போய்விட்டது என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். போனது படிவத்தைப் பிரித்துக்கொடுக்கும் லைப்ரரி மட்டும்தான், என்விரான்மென்ட் வேரியபிள்களைத் தரும் ஓஎஸ்.என்விரானில் குவெரி_ஸ்ட்ரிங் அதே பெயரில் வருகிறது. அலுவலகத்துக்குள் நாலு பேர் பார்க்கும் பக்கங்களுக்கு இன்னமும் அப்படித்தான் எழுதுகிறேன், வெளியுலகம் பார்க்கும் தளம் என்றால் எஃப்பிஎம்.